லோயர் கேம்ப் வழியாக மேலூருக்கு

தேக்கடியில் மதகைத் தூக்கினால் தண்ணீர் முதலில் மலைக்குள்தான் நுழைகிறது. ஒரு மைலுக்குச் சற்று அதிகமான சுரங்கம் அது. அரபிக்கடலுக்குப் போகிற பெரியாற்றைக் கிழக்கே திருப்பப் பொறியாளர் பென்னிகுயிக் காலத்தில் பாறையைக் குடைந்து அமைத்தது. தாது வருஷப் பஞ்சம் கண்ட மதுரைச் சீமைக்கு அன்று வேண்டியிருந்தது பாசனத் தண்ணீர் மட்டுமே. 1886-ல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை எழுதி, 1895-ல் பெரியாற்று அணையைத் திறந்தார்கள்.

சுரங்கத்தை விட்டு வெளியே வரும் தண்ணீருக்குக் கீழே கம்பம் பள்ளத்தாக்கு கிடக்கிறது, ஆயிரம் அடிக்கும் மேற்பட்ட ஆழத்தில். அறுபது வருஷத்துக்கு மேல் தண்ணீர் பாறையில் மோதிப் புரண்டு இறங்கியது. அத்தனை வேகமும் வீண். 1950-களில்தான் சுரங்கத்துக்கு வெளியே போர்பே அணை கட்டி, அங்கிருந்து மலைச்சரிவில் ராட்சதக் குழாய்களை இறக்கினார்கள். அடிவாரத்தில் லோயர் கேம்ப் மின் நிலையம் எழுந்தது. 1958 முதல் 1965 வரை ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கிய நான்கு யூனிட்டுகளும் சேர்ந்து அன்று 140 மெகாவாட். மின் உற்பத்திக்கென்று கேரளத்தோடு முறையான ஒப்பந்தம் 1970-ல்தான் கையெழுத்தானது.

குழாயில் இறங்கும் நீர் டர்பைன் சக்கரத்தை அறைந்து சுழற்றிவிட்டு அடியில் வெளியேறுகிறது. ஒரு யூனிட் முழுத் திறனில் ஓட விநாடிக்குச் சுமார் 400 கனஅடி வேண்டும். சக்கரம் எடுத்துக்கொள்வது வேகத்தை மட்டும்தான். தண்ணீர் முழுசாக அப்படியே ஆற்றுக்கு வந்துவிடுகிறது.

கென்யாவில் சக்கரத்தைச் சுழற்றும் இந்த வேலையைப் பூமியே செய்கிறது. பிளவுப் பள்ளத்தாக்கில் ஓல்காரியா என்ற இடத்தில் ஆழ்துளை போட்டு, எரிமலைச் சூட்டில் கொதிக்கும் நீராவியை மேலே இழுத்து 1981 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். இன்று அந்நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ பாதி நிலத்தடிச் சூட்டிலிருந்து வருகிறது. மதுரைச் சமவெளிக்கு அடியில் இருப்பதோ ஆறிப்போன பழைய கெட்டிப் பாறை, எரிமலை கிடையாது. நமக்கு வாய்த்தது மேற்கே இருக்கிற மலையின் உயரமும், கிழக்கே கமுதிப் பக்கத்து வெயிலும். எந்த மண்ணிலும் ஏதோ ஒரு சக்தி கேட்பாரற்றுக் கிடக்கத்தான் செய்கிறது. பெரியாற்று நீர் தன் முறைக்கு அறுபது வருஷம் காத்திருந்தது.

ஆனால் இங்கே மின்சாரம் இரண்டாம் பட்சம். அணையில் நீர் இருந்தால் ஜூன் முதல் தேதி தேக்கடியில் மதகைத் திறந்து, ஓடுகிற நீரில் பூத்தூவி அனுப்புவார்கள். அது கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் முதல்போக நெல்லுக்கான தண்ணீர். மழை பொய்த்த வருஷத்தில் குடிநீருக்கு மட்டும் 100 கனஅடியை, ராட்சதக் குழாய்களில் விடாமல், இரைச்சல் பாலம் வழியாக விடுவார்கள். அப்போது டர்பைன்கள் நின்றுவிடும். இந்த வரிசை மாறவே கூடாது என்பேன். மின்சாரத்துக்கு வேறு வழி தேடிக்கொள்ளலாம், கருகும் நாற்றுக்கு வேறு வழி ஏது?

பிறகு தண்ணீர் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று வயல்களுக்குப் பங்கு கொடுத்துக்கொண்டே வந்து வைகையில் கலக்கிறது. 1959-ல் திறந்த வைகை அணையில் கொஞ்சம் இளைப்பாறல். அங்கேயும் ஒரு சின்ன மின் நிலையம் இதை வேலை வாங்குகிறது. பேரணையில் பெரியாறு பிரதானக் கால்வாய்க்குள் திரும்பி, கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோக நிலம். அதைத் தாண்டி மேலூர்ப் பக்கம் 85,563 ஏக்கர், ஒருபோகம்தான். கடைமடைக் கண்மாய்க்காரர்களுக்குப் புரட்டாசி வந்தும் கால்வாயில் தண்ணீர் வராவிட்டால் மறியல்தான்.

இப்போது பயணத்தில் புதுக் கிளை ஒன்று சேர்ந்திருக்கிறது. சக்கரத்தைச் சுற்றிவிட்டு வந்த நீரை லோயர் கேம்ப்பிலேயே எடுத்து, பண்ணைப்பட்டியில் சுத்திகரித்து, மதுரை நகரக் குழாய்களுக்குத் தரும் திட்டம். ஆற்றில் வர வேண்டியதைக் குழாயில் கொண்டுபோகாதீர்கள், வைகை அணையிலிருந்து எடுங்கள் என்று பள்ளத்தாக்கு விவசாயிகள் எதிர்த்தார்கள். குழாய் பதித்தாயிற்று. கோடையில் அணை மட்டம் இறங்கும்போது குழாய்க்கு எவ்வளவு, ஆற்றுக்கு எவ்வளவு என்பதை அவர்களையும் உட்காரவைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.