ரோசியின் முகம் எங்கே?

பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஒரு படிப்பகத்திலே நுழைந்து, தமிழின் முதல் பேசும்படம் எது என்று கேளுங்கள். 1931இல் வந்த 'காளிதாஸ்', கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி என்று இளைஞர் பலர் கூறுவர். நம் அண்டை மொழியாம் மலையாளத்தில், திரையேறிய முதல் கதாநாயகி யார் என்று அடுத்துக் கேளுங்கள். மௌனமே விடையாக வரும். அம்மௌனம் தானாக வந்ததன்று, தோழர்களே! கல்லெறிந்து உண்டாக்கப்பட்டது.

பி. கே. ரோசி அவர் பெயர். புலையர் குலத்துப் பெண், புல்லறுத்துப் பிழைத்தவர், காக்காரிசி நாடகத்திலே நடித்துப் பழகியவர். அகஸ்தீசுவரத்திலே பிறந்த ஜே. சி. டேனியல், தம் சொத்தை விற்று 'விகதகுமாரன்' என்னும் மௌனப்படத்தை எடுத்தார். 1930ஐ ஒட்டிய ஆண்டுகள் அவை. அதிலே நாயர் குலப் பெண் சரோஜினியாக ரோசி நடித்தார். திருவனந்தபுரம் கேபிடல் கொட்டகையிலே படம் ஓடியது, குலப்பெருமை கொதித்தது! திரையின் மீது கல் பறந்தது. ரோசியின் குடிசை தீக்கிரையாயிற்று. லாரியிலே ஏறித் தப்பினார். லாரி ஓட்டியவரையே மணந்தார். நாகர்கோவிலிலே ராஜம்மாள் என்ற பெயரோடு வாழ்ந்து மறைந்தார். மீண்டும் திரையேறவே இல்லை.

அவர் செய்த குற்றந்தான் என்ன? ஆண்டி அரசனாக வேடமிட்டால் கைதட்டுகிறோம். நாயர் ஒருவர் புலையனாக நடித்தால், 'கலை' என்கிறது சாதி. புலையர் பெண் நாயர் பெண்ணாக நடித்தால் மட்டும் 'கலகம்' என்கிறது! வேடத்தை அல்ல, அதற்குள்ளிருந்த உடலையே கண்டது அக்கூட்டம்.

கடல் கடந்த அமெரிக்காவிலே சாதியின் இடத்தில் நிறம் நின்றது. 'கான் வித் த விண்ட்' படத்திலே பணிப்பெண்ணாக நடித்த கருப்பினத்தவர் ஹாட்டி மெக்டேனியல். 1939இல் அட்லாண்டாவிலே நடந்த முதற்காட்சிக்கு அவரால் செல்ல இயலவில்லை. 1940இல் ஆஸ்கார் பரிசு பெற்றார். அந்த இரவிலும் அவருக்குத் தனி மேசைதான்! 'கார்மென் ஜோன்ஸ்' படத்துக்காகச் சிறந்த நடிகை பரிசுக்கு முன்மொழியப்பட்ட முதற் கருப்பினப் பெண் டாரத்தி டாண்ட்ரிட்ஜ். தக்க வேடங்கள் பின்னர் அரிதாகி, 1965இல் 42ஆம் வயதிலே மறைந்தார். அப்பரிசு ஒரு கருப்பினப் பெண்ணுக்குக் கிடைத்தது 2002இல்தான்; பெற்றவர் ஹாலி பெர்ரி.

ஆயினும் மெக்டேனியலின் நடிப்பை இன்றும் காணலாம். ரோசிக்கு அந்த ஆறுதலும் இல்லை. படச்சுருள் அழிந்தது, அவருடையதே என்று உறுதியாகக் கூறத்தக்க ஒளிப்படமும் இல்லை. கேரள அரசு டேனியல் பெயரால் 1992 முதல் விருது வழங்குகிறது. ரோசியின் பெயரை ஒரு திரைப்படச் சங்கம் தாங்கியதோ 2019இல்தான்.

முகத்தை மீட்க நம்மால் இயலாது. பெயரை மீட்க இயலும். அடுத்த முறை உங்கள் படிப்பகத்திலே திரைப்பட வரலாறு பேசும்போது, தயாரித்தவரையும் இயக்கியவரையும் கூறுமுன், கல்லடிபட்ட அந்தப் பெண்ணின் பெயரை முதலில் கூறுங்கள். கல்லெறிந்தோர் விரும்பிய மௌனத்துக்கு நாம் துணைபோகலாமா?