பிராந்திய விமானத்திலிருந்து நெடுந்தூரச் சரக்கு விமானத்திற்கு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், பெரிய விமானக் கம்பெனிகளின் பெயரையும் வர்ணத்தையும் தாங்கிச் சிறு நகரங்களுக்கும் பெருநகரங்களுக்கும் இடையே பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக், என்வாய் போன்ற பிராந்திய நிறுவனங்களில் சில ஆண்டுகள் பணியாற்றிய விமானிகள், சமுத்திரங்களைக் கடந்து பெரும்பாலும் சரக்கையே கொண்டு செல்லும் நிறுவனங்களில் சேர்வது, அத்தொழிலில் வழக்கமாக உள்ள மார்க்கங்களுள் ஒன்று. மெம்பிஸை மையமாகக் கொண்ட ஃபெட்எக்ஸும், லூயிவில்லை மையமாகக் கொண்ட யூ.பி.எஸ்ஸும், பிறருக்காகப் பெருவிமானங்களை இயக்கித் தரும் அட்லஸ் ஏர், கலிட்டா ஏர் ஆகியனவும் இவ்வாறு சேர்வோர் நாடும் நிறுவனங்களில் முக்கியமானவை.

பிராந்திய சேவையில் பெரும்பாலும் ஓட்டப்படுபவை எம்ப்ரேயர் 175, சி.ஆர்.ஜே. ஆகிய ஐம்பது முதல் எழுபத்தாறு ஆசனங்கள் வரையுள்ள ஜெட் விமானங்கள். ஒரே நாளில் நான்கைந்து முறை எழும்பி இறங்குவது அங்கே சாதாரணம். ஆகையால் பனியிலும் குறுக்குக் காற்றிலும் விமானத்தைத் தரையிறக்கும் கைப்பழக்கம் வேறெங்கும் கிட்டாத அளவுக்கு அங்கே விமானிக்குக் கிட்டுகிறது. 2009 பிப்ரவரி 12-ஆம் தேதி பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் என்னும் பிராந்திய நிறுவனத்தின் விமானம் விழுந்து ஐம்பது பேர் மாண்டதன் பின்னர் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தின் விளைவாக, 2013 முதல் துணை விமானியும் பொதுவாக 1,500 மணி நேரம் பறந்து ஏ.டி.பி. என்னும் உயர்தர உரிமம் பெற்றாக வேண்டும். இராணுவத்திலும் குறிப்பிட்ட கல்லூரிகளிலும் பயின்றவர்களுக்கு மாத்திரம் இதில் சலுகை உண்டு.

சரக்கு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவர், தாம் ஓட்டவிருக்கும் விமான வகைக்குரிய தகுதியைச் சிமுலேட்டரில் பயின்று பரீட்சையில் தேறிய பிறகு, அனுபவமுள்ள காப்டனின் மேற்பார்வையில் சில பயணங்கள் செய்கிறார். எம்ப்ரேயர் 175 எழும்பும்போது அதன் நிறை ஏறக்குறைய 40 டன் வரை இருக்கலாம். போயிங் 747-8 சரக்கு விமானம் எழும்பும்போது 447 டன் வரை இருக்கலாம். இவ்வளவு வேற்றுமை இருந்தும், யந்திரத்தின் பருமனைவிடக் காலத்தின் போக்கே இம்மாற்றத்தில் கடினமானது என்று சொல்லத் தோன்றுகிறது. பத்து மணி நேரப் பிரயாணத்தில் மூன்று அல்லது நான்கு விமானிகள் முறைவைத்து உறங்கியும் விழித்தும் செல்ல, தரையிறக்கும் வாய்ப்பு அவர்களில் ஒருவருக்கே வாய்க்கிறது. தொண்ணூறு நாளில் மூன்று முறையேனும் எழும்பி இறங்கியிருக்க வேண்டும் என்ற விதியை நிறைவேற்றுவதற்காகவே சிலர் மீண்டும் சிமுலேட்டரை நாட வேண்டியிருக்கிறது. முன்பு ஒரு வாரத்தில் செய்ததை இப்போது பல மாதங்களில் செய்பவருக்கு, அந்தக் கைப்பழக்கம் தேயாதபடி காத்துக்கொள்வதே முதற்கடமை.

ராடாரின் பார்வை எட்டாத சமுத்திரத்தின்மேல், உயர் அதிர்வெண் வானொலியினாலும் செயற்கைக்கோள் வழி எழுத்துச் செய்தியினாலும் தம் நிலையை அறிவித்துச் செல்லும் முறைகளையும் அவர் புதிதாகக் கற்கிறார். ஆசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே செல்லும் சரக்கு விமானங்கள் பல அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்கின்றன. எரிபொருளைக் குறைத்து எடுத்துச் சென்றால் அந்த அளவுக்குச் சரக்கை மிகுதியாக ஏற்றலாம் என்பதே காரணம்.

பிரயாணிகள் இல்லையென்பதால் அபாயம் குறைந்துவிடுவதில்லை. 2010 செப்டம்பரில் துபாயில் யூ.பி.எஸ். விமானமொன்று, லித்தியம் பாட்டரிகள் இருந்த சரக்கில் பற்றிய தீயால் அழிந்தது. 2013 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானத்தின் பக்ராமில், இராணுவ வாகனங்கள் கட்டறுந்து பின்னே நகர்ந்ததால் நேஷனல் ஏர்லைன்ஸின் 747 விழுந்து எழுவர் மாண்டனர். ஆதலால் அபாயகரமான பொருள்களைப் பற்றிய அறிவிப்பைப் படிப்பதும், சுமை கட்டப்பட்ட விதத்தைச் சரக்கேற்றும் அதிகாரியோடு ஆராய்வதும் பறப்பதற்கு ஈடான வேலைகளாகின்றன.

ஓய்வு விதிகளின் விஷயம் வருந்தத்தக்கது. பிரயாணி விமானிகளின் களைப்பைத் தடுக்க 2014 ஜனவரி 4 முதல் அமலான புதிய விதிகளிலிருந்து, செலவைக் காரணங்காட்டிச் சரக்கு விமானிகள் விலக்கப்பட்டனர். பழைய விதிகளே அவர்களுக்கு நீடிக்கின்றன. பிராந்திய விமானி புதிய விதிகளின் பாதுகாப்பை விட்டே இங்கு வருகிறார். 2013 ஆகஸ்டில் அலபாமாவின் பர்மிங்ஹாமில் விடியுமுன் இறங்க முயன்ற யூ.பி.எஸ். விமானம் விழுந்து இரு விமானிகளும் இறந்தபோது, விபத்தை விசாரித்த அரசு வாரியம் களைப்பையும் துணைக்காரணமாகக் குறித்தது. இரவில் விழித்திருப்பதையே தொழிலாக உடையவர்களுக்குக் குறைந்த பாதுகாப்பு அளிப்பதை நியாயமென்று ஏற்க இயலாது.

சரக்கு நிறுவனங்கள் சிலவற்றில் விமானி இரண்டு வாரத்திற்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்து, பிறகு நீண்ட விடுமுறையில் வீடு திரும்புகிறார். ஊதியம், பணிநேரம், விமான வகை, காப்டன் பதவி யாவும் சேர்ந்த நாளிலிருந்து கணக்கிடும் பணிமூப்பைச் சார்ந்தவை. பிராந்திய நிறுவனத்தில் காப்டனாக இருந்தவரும் புதிய இடத்தில் வரிசையின் கடைசியில், துணை விமானியாகவே தொடங்க வேண்டும். அறுபத்தைந்து வயதில் ஓய்வு கட்டாயம் ஆகையால், முப்பதில் மாறுபவருக்குப் பெருவிமானத்தின் காப்டன் ஆசனம் ஏறக்குறைய நிச்சயம்; ஐம்பதில் மாறுபவர் தமக்கு முன் நிற்கும் வரிசையின் நீளத்தை முதலில் கணக்கிட்டுக்கொள்வது நலம்.