கோளாறு விளக்கில் இல்லை

பழைய அம்பாசடரில் ஒரு கோளாறு வரும். டிம் போட்டால் ஒரு பக்க விளக்கு ஒழுங்காக எரியும். மறுபக்கத்தில் டிம், பிரைட் இரண்டு இழைகளும் சேர்ந்து மங்கலாகச் சிவந்து நிற்கும். அந்தப் பக்கம் சாலையில் வெளிச்சமே விழாது. தொழிலுக்குப் புதியவர் பல்பை மாற்றுவார். புது பல்பும் அப்படியேதான் எரியும். கைதேர்ந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் பல்பைத் தொடுவதற்கு முன், பேட்டரியின் எர்த் முனையிலிருந்து ஒரு வயரை இழுத்து விளக்கின் எர்த் முனையில் வைப்பார். பளீரென்று எரிந்தால் கோளாறு பிடிபட்டுவிட்டது: மட்கார்டுக்குள் விளக்கு உட்காரும் தகரக் கிண்ணம் துருவேறி எர்த் விட்டுப்போயிருக்கிறது. திரும்பிப்போக வழியில்லாத மின்சாரம் பக்கத்து இழைக்குள் புகுந்து, பிரைட் லைன் வழியாக மறுபக்க விளக்கைச் சுற்றிக்கொண்டு எர்த்துக்குப் போகிறது.

கார் விளக்கின் வரலாறு என்றால் புதுப்புது பல்புகளைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். ரிப்பேர் செய்கிறவர் பக்கம் நின்று பார்த்தால், கோளாறு இடம் மாறிக்கொண்டே வந்த கதைதான் அது.

ஆரம்பகாலக் கார்களில் விளக்குக்கு வயரே கிடையாது. கார்பைடு கல்லின்மேல் தண்ணீர் சொட்ட, கிளம்பும் அசிட்டிலீன் வாயுவில் விளக்கு எரிந்தது. சுடர் சுருங்கினால் பர்னரின் துளையைக் குத்திவிட வேண்டும், அவ்வளவே. 1912ஆம் ஆண்டு கேடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் குழு ஸ்டார்ட்டரையும் இக்னிஷனையும் விளக்கையும் ஒரே மின் அமைப்பில் கோத்தது. அதன்பின் கோளாறு வயருக்குள் குடிபுகுந்தது.

பிரிட்டிஷ் கார்களின் மின்சாதனங்களில் பெரும்பங்கு பர்மிங்காமின் லூக்காஸ் நிறுவனத்துடையது. 1879இல் ‘கிங் ஆஃப் தி ரோடு’ என்ற சைக்கிள் விளக்கைக் கொண்டுவந்த அதே நிறுவனம். அந்தப் பிரிட்டிஷ் கார்களில் ஒன்றான மோரிஸ் ஆக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசைதான் 1957இல் வங்காளத்தின் உத்தரபாராவில் அம்பாசடராக உருவெடுத்தது. 1961இல் லூக்காஸும் டி.வி.எஸ்ஸும் கைகோத்து சென்னையில் லூக்காஸ்-டி.வி.எஸ் நிறுவனத்தைத் தொடங்கின. பாடியிலிருந்த அதன் தொழிற்சாலையிலிருந்து டைனமோவும் ஸ்டார்ட்டரும் நாடெங்கும் போயின.

லூக்காஸ் வயரிங்கில் மெச்சத்தக்க ஓர் ஒழுங்கு உண்டு. ஹெட்லைட் சுவிட்சிலிருந்து கிளம்புவது நீல வயர். நீலத்தில் வெள்ளைக் கோடு என்றால் பிரைட், சிவப்புக் கோடு என்றால் டிம், முழுக் கறுப்பு வயர் என்றால் எர்த். வரைபடம் படிக்கத் தெரியாதவரும் இந்த நிறங்களை வைத்தே காரின் மூலைமுடுக்கெல்லாம் தேடிவிடலாம். அவசரத்துக்குக் கையில் கிடைத்த நிறத்தில் வயரை ஒட்டுப்போடுவது, அடுத்து வரும் ரிப்பேர்க்காரருக்குச் செய்கிற துரோகம்.

பல்பு அடிக்கடி போனால் வோல்டேஜ் ரெகுலேட்டரைத்தான் பார்க்க வேண்டும். அதன் பாயிண்ட் ஒட்டிக்கொண்டால் டைனமோவின் வோல்டேஜ் கட்டுமீறி ஏறி, பல்புகள் அடுத்தடுத்துக் கருகும். க்ளட்ச் பெடலுக்குப் பக்கத்தில் காலால் மிதிக்கும் டிம் சுவிட்ச் கோளாறு குடியிருக்கும் இன்னோர் இடம். ஈரச் செருப்பும் மண்ணும் அதன்மேலேயே இறங்கும். உள்ளே செம்பு பச்சை பிடிக்கும்.

அடுத்து ஹாலஜன் வந்தது. ஐரோப்பாவில் 1962இல் எச்1, 1971இல் ஒரே பல்பில் இரண்டு இழைகள் கொண்ட எச்4. 45/40 வாட் பல்பு இருந்த இடத்தில் 60/55 வாட். இரண்டு பிரைட்டும் சேர்ந்தால் 120 வாட், அதாவது 12 வோல்டில் 10 ஆம்பியர். அத்தனையும் பழைய சுவிட்சின் தேய்ந்த முனை வழியே போயாக வேண்டும். வழியில் ஒரு வோல்ட் இழந்தாலே 10 வாட் சூடு சுவிட்சுக்குள் இறங்கும்; பிளாஸ்டிக் இளகும். பல்புக்குப் போகும் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது சதவீதம் குறைந்துபோகும்.

இதற்கு எலக்ட்ரீஷியன்கள் கண்ட வழி ரிலே. அதன் முனைகளில் 30க்கு ஃபியூஸ் வழியாகப் பேட்டரி, 87க்கு விளக்கு, 86க்குப் பழைய சுவிட்ச் வயர், 85க்கு எர்த். சுவிட்ச் இப்போது ரிலேயை மட்டும் தூண்டினால் போதும். பாரத்தை ரிலே சுமந்துகொள்ளும். அந்த நாலு வயர் வேலையால் எத்தனையோ பழைய கார்கள் இரவுப் பயணத்துக்கு லாயக்காயின. அதைக் காரோடு வந்த எந்தப் பாகத்துக்கும் குறையாத மதிப்போடு நினைக்க வேண்டும்.

எலக்ட்ரானிக்ஸ் நுழைந்ததும் கோளாறு சர்க்யூட் போர்டுக்குப் போய்விட்டது. 1991இல் பி.எம்.டபிள்யூ 7 வரிசையில் செனான் விளக்கு வந்தது. அதைப் பற்றவைக்க ஏறத்தாழ 20,000 வோல்ட் துடிப்பு வேண்டும். அதைத் தரும் பெட்டி பழுதானால் நல்ல பல்பும் இருண்டே கிடக்கும். 1993வரை தயாரான வோல்வோ 240இல் பல்பு போனதை எச்சரிக்கவென்றே ஒரு சென்சார் பெட்டி உண்டு. விளக்குக்கான மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது. வருடக்கணக்கான சூட்டிலும் அதிர்விலும் அதன் ஈயப்பற்று விரிசல்விட, பல்பு நன்றாக இருந்தும் விளக்கு விட்டுவிட்டு எரியும். பெட்டியைத் திறந்து பூதக்கண்ணாடியில் பார்த்தால் பின்னைச் சுற்றி மயிரிழை வளையம் தெரியும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தால் போதும். புதுப் பெட்டி வாங்க வேண்டியதில்லை.