மன்னார் வளைகுடாவில் இரட்டை அளவுகோல்: முத்து, கூலி, அகதி

1. ஆய்வுப் பொருள்

எல்லை வகுப்பது அரசின் உரிமை. அதை இக்கட்டுரை மறுக்கவில்லை. ஒரே கடலை ஒரே மக்கள் கடக்கும்போது, ஆள்வோரின் தேவைக்கேற்ப அளவு மாறுவதையே இரட்டை அளவுகோல் என்கிறோம். களம், தூத்துக்குடி முதல் மண்டபம் வரையிலான முத்துக்குளித்துறைக் கரை. இங்கே மதில் இல்லை, சட்டமே மதில்.

2. அழைத்த காலம்

2.1 முத்து: பிரிட்டிஷ் ஆட்சியில் தூத்துக்குடிப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் இலங்கையின் அரிப்பு, மரிச்சுக்கட்டிக் கரைகளுக்குச் சென்று முத்துக்குளித்தனர். எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுக்குப் போயிற்று. மூச்சடக்கி மூழ்கியவர்கள் அந்நியர் என்ற பேச்சே எழவில்லை.

2.2 கூலி: இலங்கையின் மலையகத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியபோது தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலேற்றினர். தட்டப்பாறையிலும், பின்னர் மண்டபத்திலும் இலங்கை அரசே இந்திய மண்ணில் முகாம் நடத்தியது. தொழிலாளரை அங்கே தடுத்துவைத்து, நோய்ச் சோதனை செய்து அனுப்பியது.

3. விலக்கிய காலம்

3.1 அதே தொழிலாளரின் வழியினரை இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பிரிக்கப்பட்டவர்களின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை.

3.2 1983க்குப் பின் போருக்குத் தப்பி வந்தோரை அதே மண்டபம் முகாம் ஏற்றது. கூலிகளை அனுப்பிய வாசலே அகதிகளின் வாசலாயிற்று.

4. இந்தியச் சட்டத்தின் அளவுகோல்

4.1 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம், பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த ஆறு மதத்தவருக்கு வழி திறந்தது. பட்டியலில் இலங்கை இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்த ஈழத்து இந்துவுக்கும் கிறிஸ்தவருக்கும் அந்த வழி அடைபட்டது.

4.2 2025 செப்டம்பரில் வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரை, உரிய ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து விடுவித்தது. இது நல்ல நகர்வு. ஆனால் அதே ஆணை, மேற்கண்ட மூன்று நாட்டுச் சிறுபான்மையினருக்கு 2024 டிசம்பர் 31 வரை காலம் தந்தது. தண்டனை விலக்கு குடியுரிமையும் ஆகாது.

4.3 1987 ஜூலை 1 முதல் பிறந்த பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் பிறப்புவழிக் குடியுரிமை. எனவே முகாமில் பிறந்து, தமிழகப் பள்ளியில் படித்து, இலங்கையைக் கண்டிராத இளைஞரும் சட்டத்தின் முன் அந்நியரே.

5. நம் அளவுகோல்

1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த கடல் எல்லையில் நம் படகு பிடிபட்டால் கொதிக்கிறோம். எல்லை தாண்டிய இலங்கை மீனவர் தருவைக்குளம் கடலோரக் காவல் நிலையத்துக்குக் கொண்டுவரப்படும்போது மௌனம் காக்கிறோம். நம் விசைப்படகுகளின் இழுவைமடி வடமாகாண மீனவரின் வலையை அறுப்பதையும் பேச மறுக்கிறோம். அரசிடம் கேட்கும் நேர்மையை நாமும் காட்ட வேண்டும்.

6. முடிவு

உழைப்பைக் கொள்ளும்போது கடல் பாலம், உரிமையைக் கேட்கும்போது அது வேலி என்பதே இக்கரையின் வரலாறு. மதமும் புறப்பட்ட நாடும் அல்ல, பட்ட துன்பமும் இங்கு வாழ்ந்த காலமுமே அளவாக வேண்டும். முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை வழங்குவதே அதற்கான முதல் சட்டத் திருத்தம்.