வெட்டுண்ட காசும் காது வைத்த காசும்: யவன நாணயச் சேகரிப்பும் தமிழர் கைத்தடமும்

1354-ஆம் ஆண்டில் இத்தாலியக் கவிஞராகிய பெத்ரார்க், நான்காம் சார்லஸ் மன்னருக்கு ரோமானியப் பொற்காசுகளையும் வெள்ளிக்காசுகளையும் காணிக்கையாக அளித்து, அவற்றில் முகம் பொறித்த முன்னோரின் வழியைப் பின்பற்றுமாறு வேண்டிக்கொண்ட நாள்தொட்டு, பண்டைய கிரேக்க, ரோமானிய நாணயங்களைச் சேகரிப்போர் ஒரு காசைக் கையில் வாங்கியதும் முதலில் நாடுவது அதிலுள்ள அரசமுகத்தையே ஆகும். அம்முகம் தேயாமலும், சுற்றெழுத்துச் சிதையாமலும், விளிம்பு குறையாமலும் இருப்பின் விலை ஏறுகிறது. துளையிட்டதோ, வளையம் பற்றவைத்ததோ, உளியால் வெட்டுண்டதோ ஆயின் அது ஊனமுற்ற காசென்று பட்டியலின் கடைசிக்குத் தள்ளப்படுகிறது. இந்த அளவுகோல் ரோமாபுரியின் சரித்திரத்தை அறிய விரும்புவோருக்குப் பொருந்தலாம். தமிழருடைய சரித்திரத்தை அறிய விரும்புவோருக்கு இது முற்றிலும் தலைகீழானது என்பதும், எந்தத் தழும்பைச் சேகரிப்பாளர் குறையென்று கழிக்கிறாரோ அதுவே அக்காசு நம்மவர் கையில் என்னவாக மதிக்கப்பட்டது என்பதற்கு எஞ்சியிருக்கும் பிரத்தியட்சப் பிரமாணம் என்பதும் இக்கட்டுரையின் துணிபு. அதை நிறுவ மலேசியாவின் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டத் தமிழரின் பொன் வழக்கத்தையும் சான்றாகக் கொள்கிறேன்.

தமிழகத்தில் ரோமானியக் காசுகள் கிடைத்த இடங்களுள் தலையாயது கொங்குநாடு. வெள்ளலூரில் 1842-இல் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளித் தினாரியங்கள் ஒரே புதையலாக வெளிப்பட்டன. பொள்ளாச்சியிலும் கரூரிலும் கிடைத்தவை பல. இப்புதையல்களில் இரண்டே அச்சுகள் திரும்பத் திரும்ப வருகின்றன: அகஸ்டஸ் தம் பேரரும் சுவீகாரப் புத்திரருமாகிய காயஸ், லூசியஸ் இருவரையும் பின்புறத்தில் பொறித்து வெளியிட்டது ஒன்று, திபேரியஸ் அமர்ந்த கோலத்து மாதொருத்தியின் உருவத்தோடு வெளியிட்டது மற்றொன்று. நீரோ மன்னன் 64-ஆம் ஆண்டில் தினாரியத்தின் எடையை ஒரு ராத்தலுக்கு 84 என்பதிலிருந்து 96 ஆகவும், பொற்காசின் எடையை 40 என்பதிலிருந்து 45 ஆகவும் குறைத்தபின் அடிக்கப்பட்ட வெள்ளிக்காசுகள் நம் நாட்டுப் புதையல்களில் அரிது. எடையில் நேர்ந்த வஞ்சனையை இங்குள்ள வர்த்தகர் உடனே உணர்ந்து, பழைய காசையே கேட்டு வாங்கினர் என்றே இதற்குப் பொருள் கொள்ளவேண்டும்.

இவ்வனுமானத்துக்கு ரோமானியர் தரப்பிலிருந்தே ஒரு சாட்சியம் உண்டு. கிளாடியஸ் ஆட்சியில், அன்னியஸ் பிளோகாமஸ் என்பானிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவன் காற்றில் அலைக்கப்பட்டு இலங்கைக் கரையை அடைந்தான் என்றும், அவனிடமிருந்த தினாரியங்களில் முகங்கள் வெவ்வேறாக இருந்தும் எடை ஒன்றாகவே இருந்ததைக் கண்டு அந்நாட்டு மன்னன் வியந்து ரோமானியரின் நேர்மையை மெச்சினான் என்றும் பிளினி எழுதுகிறார். கதையில் மிகை கலந்திருக்கலாம். ஆயினும் மன்னனுடைய கண் முதலில் எங்கே சென்றது என்பதை நோக்குக. அவன் முகத்தைக் கண்டு மயங்கவில்லை, தராசை நம்பினான்.

இனிப் புதுக்கோட்டைப் புதையலுக்கு வருவோம். 1898-இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் கறுக்காக்குறிச்சியில் 501 பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான சக்கரவர்த்திகளுடையவை அவை. பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹில் அவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். அக்காசுகளுள் மிகப் பெரும்பாலானவற்றில், சக்கரவர்த்தியின் தலைமீது குறுக்காக ஓர் உளிவெட்டு காணப்படுகிறது. இவ்வெட்டைப் பற்றிப் பல அபிப்பிராயங்கள் எழுந்தன. உள்ளே செம்பிருக்கிறதா என்று சோதித்ததன் அடையாளம் என்றனர் சிலர். அந்நிய அரசனின் உருவத்தை மறுத்ததன் அடையாளம் என்றனர் வேறு சிலர். தேய்ந்துபோன காசுகளைச் செலாவணியிலிருந்து நீக்கியதன் குறி என்று ஹில் கருதினார்.

சோதனை என்ற கொள்கை எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. பொன்னைச் சோதிக்க விரும்பியவன் விளிம்பில் ஒரு கீறல் இட்டால் போதும்; நம் நாட்டுப் பொற்கொல்லனுக்கு அதுகூட வேண்டியதில்லை, உரைகல்லில் ஒருமுறை இழுத்தாலே மாற்றுத் தெரிந்துவிடும். இத்தனை பொற்காசுகளில் தலையின்மேல், அதுவும் ஒரே விதமாக, வெட்டுவது சோதிப்பவனுடைய வேலையாக இராது. ஓர் ஆணைக்கு அடங்கிச் செய்தவனுடைய வேலையாகவே இருக்கவேண்டும். முகத்தின் அதிகாரத்தை நீக்கிவிட்டு, இனி இது எடைக்கு மட்டுமே செல்லும் என்று குறித்த செயல் அது என்பதே என் முடிபு. ஹில் கூறியதற்கும் இதற்கும் பகையில்லை. தேய்ந்த காசு எடையில் குறைந்த காசு ஆதலால், அதை எண்ணி வாங்காமல் நிறுத்து வாங்கவேண்டிய அவசியம் முதலில் எழும். மற்றப் புதையல்களில் இவ்வெட்டு இவ்வளவு பெருவாரியாக இல்லாமை, இது தமிழகம் முழுதுக்கும் உரிய வழக்கமன்று, ஒரு வட்டாரத்தில் ஒரு காலத்தில் நிகழ்ந்த ஏற்பாடு என்பதையே காட்டுகிறது.

பொற்காசு நம் நாட்டுச் சந்தையில் கைமாறும் காசாக இருந்திருக்க இயலுமா என்பதை வேறொரு வகையிலும் ஆராயலாம். ஔரியம் எனப்படும் ரோமானியப் பொற்காசு ஒன்று 25 தினாரியங்களுக்குச் சமம். திராட்சைத் தோட்டத்துக் கூலிக்காரரைப் பற்றி மத்தேயு நற்செய்தி கூறும் உவமையின்படி, ஒரு தினாரியம் என்பது ஒரு நாள் கூலி. ஆகவே ஓர் ஔரியம் 25 நாள் உழைப்பு. இப்போது மலாயாவைப் பார்ப்போம். 1906-இல் நீரிணை வெள்ளியின் (டாலரின்) மதிப்பு 60 வெள்ளிக்கு 7 பவுன் என்று நிலைநிறுத்தப்பட்டது. அதாவது ஒரு பவுன் ஏறத்தாழ 8 வெள்ளி 57 காசு. 1920-களின் இறுதியில் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நிர்ணயக் கூலி. அரசாங்க மாற்று விகிதத்தின்படியே கணக்கிட்டாலும், ஒரு பவுன் வாங்க ஆண் 17 நாளுக்கு மேலும் பெண் 21 நாளுக்கு மேலும் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவவேண்டும். எடையிலும் இரண்டு காசுகளும் உறவினவே: திபேரியஸின் ஔரியம் சுமார் 7.75 கிராம், ஆங்கிலப் பவுன் 7.98 கிராம். இத்தகைய காசை எவரும் அரிசிக்கடையில் மாற்றுவதில்லை. அது சேமிப்பு, சீதனம், ஆபத்துக்கு உதவும் கையிருப்பு. எவருடைய முகம் அதில் பொறித்திருக்கிறது என்பது அதன் உடையவருக்கு ஒரு பொருட்டன்று. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு மீண்டதைச் சங்கப் புலவர் பாடியுள்ளனர். அப்பொன்னின்மேல் யார் தலை இருந்ததென்று அவர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கோலசிலாங்கூர் வட்டாரத்துப் புக்கிட் ரோத்தான் பக்கத்துக் குடும்பமொன்று பாதுகாத்துவரும் காசுமாலை ஒன்றைக் கூர்ந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னருடைய பவுன்கள் அதில் கோக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு காசிலும் மன்னரின் தலைக்கு நேர்மேலே, தலை நிமிர்ந்து தொங்குமாறு, காது வைத்துப் பற்றவைத்திருந்தார் ஆசாரி. வெளியே தெரியும் முகப்பக்கம் பெரிதும் புதிதாகவே இருக்க, மார்போடும் சேலையோடும் உராய்ந்த பின்பக்கத்தில் குதிரைவீரனின் குதிரைக்குக் கால்கள் மழுங்கியிருந்தன. கையிலிருந்து கைக்குச் சென்ற காசு இருபுறமும் ஏறக்குறைய ஒத்துத் தேயும். அணியப்பட்ட காசு ஒருபுறமே தேயும். இந்தியாவில் கிடைக்கும் ரோமானியப் பொற்காசுகள் சிலவற்றில், அரசனின் தலைக்கு மேலே அருகருகே இரண்டு துளைகள் காணப்படுவதுண்டு. அவற்றை ஆராய்வோர் துளைகளைக் குறித்துவிட்டு விட்டுவிடுகின்றனர். முன்பின் தேய்மான வேறுபாட்டையும் அளந்து எழுதுவாராயின், அக்காசு எவ்வளவு காலம் ஒரு பெண்ணின் கழுத்தில் கிடந்தது என்பதை ஓரளவேனும் ஊகிக்க வழி பிறக்கும். ரோமானிய அச்சைப் பார்த்து, எழுத்தறியாத கையால் எழுத்தைக் குழப்பி, ஆனால் நல்ல பொன்னிலேயே செய்யப்பட்ட போலிக் காசுகளும் இந்த ஆபரண வழக்கின் பிள்ளைகளே. பவுனைப் போன்று அச்சிட்ட காசுகளை நம் ஆசாரிமார் காசுமாலைக்குச் செய்து தருவதில்லையா?

ஜப்பானியர் ஆட்சியில் மலாயாவில் வழங்கிய, வாழைமரம் அச்சிட்ட நோட்டுகள் 1945-இல் ஒரே நாளில் வெறுங்காகிதம் ஆயின. வட சிலாங்கூர்த் தோட்டங்களில் ஜப்பானியர் அமைத்த சயாம் ரயில்பாதை வேலைக்கு ஆடவரை இழந்த குடும்பங்கள் பலவற்றை அக்காலத்தில் தாங்கியது தாலிக்கொடியும் இத்தகைய காசுகளுமே. நீரோவின் குறைந்த வெள்ளியை மறுத்த கொங்குநாட்டு வணிகன் கற்ற பாடத்தை இவர்கள் மிகக் கொடிய முறையில் மீண்டும் கற்றனர்.

இவையனைத்தும் மலாய்த் தீபகற்பத்துக்குப் புறம்பான செய்திகள் என்று கருதவேண்டா. சோழ மண்டலக் கரையிலிருந்து பெருங்கலங்கள் பொன்னாடாகிய கிரிசேக்குச் சென்றதை எரித்திரையக் கடற்பயண நூல் கூறுகிறது. தாய்லாந்தின் கிராபி வட்டாரத்துக் குளோங் தோமில் கிடைத்த சிறு உரைகல் ஒன்றில், ‘பெரும்பதன் கல்’ என்று தமிழ்ப் பிராமியில் எழுதப்பட்டிருக்கிறது. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டில் இக்கடற்கரையில் தன் பெயர் பொறித்த உரைகல்லோடு பொன் மாற்றுப் பார்த்த தமிழ்ப் பத்தனாகிய பொற்கொல்லன் ஒருவன் வாழ்ந்திருக்கிறான். வியத்நாமின் ஒக் ஏயோவில் அந்தோனினஸ் பயஸுடைய பொற்பதக்கம் அகழாய்வில் வெளிப்பட்டது. சிலாங்கூரின் வடவெல்லையாகிய பெர்ணம் ஆற்றுப் பள்ளத்தாக்கில், பேராக் பக்கத்துக் கற்பலகைக் கல்லறைகளில், இரும்புக் கருவிகளோடு கண்ணாடி மணிகளும் சூதுபவள மணிகளும் கிடைத்துள்ளன. மணி வந்த வழியில் காசும் வந்திருக்கலாம் என்று எதிர்பார்ப்பது மிகையாகாது.

செப்புக்காசின் நிலை வேறு. மதுரையிலும் கரூரிலும் கிடைத்த பிற்கால ரோமானியச் சிறு செப்புக்காசுகளை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1994-இல் நூலாக வெளியிட்டார். கரூரில் கிடைத்த ரோடுஸ், கிரீட், திரேஸ், தெசாலி முதலிய கிரேக்க நாட்டுக் காசுகளையும் பின்னர் ஆராய்ந்தார். தேய்ந்து உருவிழந்த இச்சிறு காசுகளை அழகுக்காக எவரும் சேர்க்கமாட்டார். கிடைத்த ஊர் தெரிந்ததனால்தான் அவை சரித்திரம் ஆயின. கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் எடுத்தது என்ற ஒரு குறிப்பு நீங்கினால், அதே ரோடுஸ் காசு உலகச் சந்தையில் சில வெள்ளிக்கு விற்கும் ஒரு துண்டுச் செம்பு.

ஆகையால் நம்மவருள் இக்கலையில் ஈடுபடுவோர் காசைப் பதியும் முறையை மாற்றிக்கொள்ளவேண்டும். எடை, கிடைத்த ஊர், கைமாறிய வழி, வெட்டு அல்லது துளை அல்லது பற்றாசின் இடம், அது முகத்தை நோக்கி அமைந்த கோணம், இருபுறத் தேய்மானம் ஆகியவற்றை, காசைத் துலக்குவதற்கு முன்பே குறித்தல் அவசியம். வளையத்தை அறுத்து, பற்றாசைச் சுரண்டி, மெருகேற்றி, புதுக்காசாக விற்கும் வழக்கம் நகைக்கடைத் தெருவிலும் ஏலவிடுதிகளிலும் இன்றும் நிலவுகிறது. அவ்வாறு சீராக்கிய காசை வாங்க மறுப்பதே அதை நிறுத்தும் நேர்வழி. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, மக்கள் கிள்ளானுக்கும் ரவாங்குக்கும் பெயர்ந்துவரும் இந்நாளில், பாட்டிமாரின் காசுமாலைகள் அடகுக்கடை வழியாக உலைக்குச் செல்கின்றன. உருக்குவதற்கு முன் இருபுறமும் படமெடுத்து, எடை குறித்து, எந்தத் தோட்டத்தில் எவ்வாண்டு யார் செய்வித்தார் என்று ஒரு தாளில் எழுதி வைப்பதற்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. மீள்நடவின்போது மண்ணில் பழங்காசோ மணியோ வெளிப்படுமாயின் அதை 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுரிமைச் சட்டத்தின்படி மாவட்ட அலுவலகத்துக்கு அறிவிக்கவேண்டும். எடுத்த குழியின் ஆழத்தையும் வயல்வரிசை எண்ணையும் அன்றைக்கே குறித்துக்கொள்ளுதல் நலம்.