காற்றாலை மானியம்: இயந்திரத்துக்கா, மின்சாரத்துக்கா?

காற்றாலை மின்சாரத்தின் விலையைப் பற்றி வாதிடுவோர், அரசு எதற்குச் சலுகை வழங்கியது என்பதைக் கேட்பதில்லை. 1990களில், காற்றாலையில் இட்ட முதல் முழுவதையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ள இந்திய அரசு இடமளித்தது. நிறுவினாலே சலுகை கிடைத்தது. எவ்வளவு மின்சாரம் விளைந்தது என்பது அதன் கணக்கில் இல்லை. 2009இல்தான் உற்பத்தியாகும் யூனிட்டுக்கு 50 காசு ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. 2012இல் இரண்டும் நிறுத்தப்பட்டன. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,200 மெகாவாட்டாக இருந்த புதிய நிறுவல் 1,700 அளவுக்குச் சரிந்தது. சலுகைகள் பின்னர் மீண்டும் வந்தன. 2017இல் நடந்த முதல் ஏலத்தில் விலை யூனிட்டுக்கு 3.46 ரூபாயாக இறங்கியது. ஆகவே, மானியம் வீணா என்பதைவிட, இயந்திரத்துக்குக் கொடுத்தோமா, மின்சாரத்துக்குக் கொடுத்தோமா என்பதே பொருளுள்ள வினா.