இரண்டு தபால் ஓடிய ஊர்

நம் இதழைப் படிக்கும் அன்பர்கள் சென்னை, மும்பை, பெங்களூரு, டில்லி என்று பல ஊர்களில் இருக்கிறீர்கள். உங்களில் யாரிடமாவது "தபால் கூரியர் எல்லாம் ஒழுங்காக வருகிறதா?" என்று கேட்டுவிட்டால் போதும், கால் மணி நேரத்துக்குப் பேச்சு ஓடும். "வாசல் பூட்டியிருந்தது, திரும்பிப் போகிறோம்" என்று போனில் செய்தி வரும். நாமோ அந்த வாசலிலேயே நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருப்போம். புகார் நம்பரைக் கூப்பிட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு குரல் சொல்லும். மனுஷர் யாரும் பேச மாட்டார்கள். எனக்கும் இது பல முறை நடந்திருக்கிறது. இங்கே நான் எழுத வந்தது அந்தப் புலம்பலை மட்டும் அல்ல. எங்கள் மட்டாஞ்சேரியில் ஒரு காலத்தில் ஒன்றுக்கு இரண்டு தபால் இருந்தது. அந்தக் கதை நம் இளைய தலைமுறைக்குத் தெரியாது, பெரியவர்களிலும் பலர் மறந்துவிட்டார்கள்.

கொச்சி என்றால் இன்று ஒரே ஊர். ஆனால் கொச்சி கார்ப்பரேஷன் பிறந்தது 1967 நவம்பர் 1ஆம் தேதிதான். அதற்கு முன் எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி மூன்றும் தனித்தனி முனிசிபாலிட்டிகள். சுதந்திரத்துக்கு முன்போ அவை ஒரே ராஜ்யத்தில்கூட இல்லை. டச்சுக்காரரிடமிருந்து 1795ல் ஆங்கிலேயர் பிடித்த கோட்டைப் பகுதி, சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. அதை பிரிட்டிஷ் கொச்சி என்பார்கள். அதை ஒட்டியே இருக்கும் மட்டாஞ்சேரி, அரண்மனையும் யூதத் தெருவும் மிளகுக் கடைகளுமாகக் கொச்சி மஹாராஜாவின் சமஸ்தானத்தில் இருந்தது. கோட்டையிலிருந்து அரண்மனை வரை நடந்தால் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். அந்த அரை மணி நடையில் ராஜ்யமே மாறிவிடும்.

ராஜ்யம் மாறினால் தபாலும் மாறும். ஃபோர்ட் கொச்சியில் இருந்தது இந்திய சர்க்காரின் இம்பீரியல் தபால். மட்டாஞ்சேரியில் சமஸ்தானத்தின் சொந்தத் தபால். அதற்குப் பெயர் "அஞ்சல்". திருவிதாங்கூரிலும் இதே பெயரில் ஓர் இலாகா இருந்தது. முதலில் இவை சர்க்கார் கடிதங்களைக் கொண்டுபோக ஏற்பட்டவை. 1810களில் இரண்டு சமஸ்தானங்களுக்கும் ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ காலத்தில் இவை ஒழுங்குக்கு வந்தன. பொதுமக்களுடைய கடிதங்களை எடுத்துக்கொள்ள ஆரம்பித்தது பிற்பாடுதான்.

அஞ்சலோட்டக்காரனைப் பற்றிப் பழைய தலைமுறை சொல்லக் கேட்டிருப்பீர்கள். தோளில் பை, கையில் சலங்கை கட்டிய கோல். அந்தச் சத்தம் கேட்டால் வழியில் போகிறவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டும். ராஜாங்கக் கடிதம் அல்லவா! இன்று நம் வீட்டுக்குச் சாமான் கொண்டுவரும் பையன் நடுத்தெருவில் ஹாரன் அடித்தபடி திணறுகிறான், ஒதுங்குவார் யாருமில்லை. அவன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. நாற்பது ஐம்பது வீடுகளைக் கணக்கில் எழுதி, மாலைக்குள் முடி என்று கையில் ஒரு போனையும் கொடுத்து அனுப்பினால் அவன்தான் என்ன செய்வான்?

கொச்சி அஞ்சல் சொந்தமாக ஸ்டாம்பு வெளியிட்டது 1892ல். திருவிதாங்கூர் நான்கு வருஷம் முந்திக்கொண்டு 1888லேயே சங்கு முத்திரை போட்ட ஸ்டாம்பைக் கொண்டுவந்துவிட்டது. கொச்சியின் முதல் ஸ்டாம்புகள் அரை, ஒன்று, இரண்டு புத்தன் விலையுள்ளவை. புத்தன் என்பது கொச்சியின் பழைய நாணயம். ஆறு புத்தன் சேர்ந்தால் ஐந்து அணா. அதாவது ஒரு புத்தனுக்குப் பத்து பை. ஒரு ரூபாய்க்கு 192 பை என்பது நம் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. அப்படியானால் ஒரு ரூபாய்க்குப் பத்தொன்பதும் ஐந்தில் ஒரு பங்கும் புத்தன்! கவுண்டரில் உட்கார்ந்து சில்லறை கொடுத்த அஞ்சல் மாஸ்டரை நினைத்தால் எனக்குக் கணக்கு வாத்தியார்மேல் வருகிற மரியாதை வருகிறது. பிறகு அணா, பைக் கணக்குக்கு மாறினார்கள். 1911ல் ராஜரிஷி என்று எல்லோரும் போற்றும் ராம வர்மா மஹாராஜாவின் படத்தோடு ஸ்டாம்பு வந்தது. அதை அச்சடித்தது லண்டனில் பெர்கின்ஸ் பேக்கன் கம்பெனி. உலகத்தின் முதல் தபால் ஸ்டாம்பான பென்னி பிளாக்கை 1840ல் அச்சடித்ததும் அந்தக் கம்பெனிதான். இரண்டாம் யுத்த காலத்தில் கட்டணங்கள் ஏற ஏற, பழைய ஸ்டாம்பின்மேலேயே புது விலையை அச்சடித்து ஒட்டினார்கள். ஸ்டாம்பு சேகரிப்பவர்கள் இன்றைக்கும் கொச்சியைத் தேடுவதற்கு அந்தக் குழப்படியே காரணம்.

இனி நம்மவர்களுக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அஞ்சல் ஸ்டாம்பு சமஸ்தானத்துக்கு உள்ளே மட்டும்தான் செல்லும். நம் கிராமங்களோ இரண்டு ராஜ்யத்திலும் சிதறிக் கிடந்தன. சித்தூரும் தத்தமங்கலமும் கொச்சி சமஸ்தானம். கல்பாத்தி முதலான பாலக்காட்டு கிராமங்கள் பிரிட்டிஷ் மலபார். சித்தூர் தாலுகா கொச்சியின் மற்றப் பகுதியோடு ஒட்டாமல், நடுவில் பிரிட்டிஷ் பூமி குறுக்கிட, தனித்துண்டாகக் கிடந்தது. ஆகவே மட்டாஞ்சேரியில் உத்தியோகம் பார்த்த ஒருவர் சித்தூரில் இருக்கும் அண்ணாவுக்குக் கடிதம் போட்டால் மஹாராஜா தலை போட்ட ஸ்டாம்பு போதும். கல்பாத்தியில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் போட வேண்டுமென்றால் இந்திய சர்க்காரின் ஸ்டாம்பு வேண்டும். இரண்டு கிராமத்துக்கும் நடுவே சுமார் பத்து மைல்! இன்னும் வேடிக்கை, நடந்தே போய்விடக்கூடிய ஃபோர்ட் கொச்சிக்கு எழுதுவதும் வெளி ராஜ்யத்துக் கடிதம்தான். சமஸ்தானத்துக்குள்ளும் இம்பீரியல் தபாலாபீஸ்கள் இருந்ததால் சமாளித்தார்கள்.

அப்போது மட்டும் எல்லாம் ராமராஜ்யமாக இருந்ததா என்றால், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இரண்டு இலாகா, இரண்டு கட்டணம், இரண்டு சட்டம் என்றால் ஜனங்களுக்குத் தொல்லைதான். ஆனால் ஒன்று இருந்தது. கடிதம் வரவில்லை என்றால் போய்க் கேட்க அதே ஊரில் ஓர் ஆள் இருந்தார். அவருக்கு மேலே திவான் இருந்தார்.

1949 ஜூலை 1ஆம் தேதி திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. இரண்டு அஞ்சலும் ஒன்றாகி, 1951 ஏப்ரல் 1 முதல் இந்தியத் தபால் தந்தி இலாகாவில் கரைந்தன. அஞ்சல் என்ற இலாகா அதோடு போயிற்று. பெயர் போகவில்லை. இதில் ஒரு விநோதம் பாருங்கள். அஞ்சல் ஓடிய கேரளத்தில் இன்று சர்க்கார் போர்டிலும் பேச்சிலும் "தபால்" என்கிறார்கள். தமிழ்நாட்டில் "அஞ்சல் துறை", "அஞ்சல் அட்டை" என்கிறார்கள். நாஞ்சில் நாடு 1956 வரை திருவிதாங்கூரிலும் பிறகு திரு-கொச்சியிலும் இருந்ததால் அங்கே அஞ்சல் என்பது வீட்டுச் சொல். கிரேக்க பாஷையில் தூதனைக் குறிக்கும் "ஆங்கெலோஸ்" என்பதிலிருந்து வந்தது என்று ஒரு கட்சி உண்டு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. எது எப்படியானாலும் கம்ப்யூட்டரில் வருவதற்குக்கூட "மின்னஞ்சல்" என்று பெயர் வைத்தாகிவிட்டது. சலங்கைக் கோலோடு ஓடியவன் இதைக் கேட்டால் சிரிப்பான்.

பழைய எல்லைக்கோடு இன்னொரு இடத்திலும் ஒளிந்திருக்கிறது. 1972 ஆகஸ்ட் 15ல் பின்கோடு வந்தது. அதை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற தபால் உயர் அதிகாரி. சம்ஸ்கிருதத்தில் கவிதையும் நாடகமும் எழுதிய பண்டிதர். எங்கள் பகுதிக்கு 682 கிடைத்தது. அதில் முதல் நம்பரான 682001 ஃபோர்ட் கொச்சிக்கு, 682002 மட்டாஞ்சேரிக்கு. எர்ணாகுளம் ஹெட் போஸ்டாபீஸுக்கு 682011. ஜில்லாத் தலைநகரமாகவும் பெரிய ஊராகவும் எர்ணாகுளம் ஆகி எவ்வளவோ காலம் ஆன பிறகும், வரிசையில் முதல் ஸ்தானம் கோட்டைத் தபாலாபீஸுக்குத்தான். இன்று எந்தக் கம்பெனியில் எதை வாங்கினாலும் அந்த ஆறு இலக்கத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

சரி, பொறுப்பு என்ற விஷயத்துக்கு வருவோம். 1898ஆம் வருஷத்து இந்தியத் தபாலாபீஸ் சட்டத்தின் 6ஆம் பிரிவு, கடிதம் தொலைந்தாலும் தாமதமானாலும் வேறு வீட்டில் கொடுத்தாலும் சர்க்கார் பொறுப்பல்ல என்றது. ஊழியர் மோசடியாகவோ வேண்டுமென்றோ செய்திருந்தால் அந்த ஊழியர் மட்டுமே பொறுப்பு. 1986ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது பலரும் சந்தோஷமாகக் கோர்ட்டுக்குப் போனார்கள். இந்த 6ஆம் பிரிவு சுவர்போல் நின்றது. அந்தச் சட்டம் போய் 2023ஆம் வருஷத்துத் தபாலாபீஸ் சட்டம் 2024 ஜூனில் அமுலுக்கு வந்தது. அதிலும் 10ஆம் பிரிவில் ஏறக்குறைய அதே சுவர், கொஞ்சம் வெள்ளையடித்து நிற்கிறது.

இந்தச் சுவரில் ஜனங்களுக்கு இருந்த ஒரே ஜன்னல் ரிஜிஸ்தர் தபால். அதன் பலம் வேகத்தில் இல்லை. ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு கையெழுத்து; யாரிடம் இருந்தது, யாரிடம் போயிற்று என்று எழுத்தில் இருக்கும். கடைசியில் விலாசதாரர் கையெழுத்திட்ட அட்டை அனுப்பியவருக்குத் திரும்பி வரும். 1897ஆம் வருஷத்துப் பொது உட்பிரிவுகள் சட்டம் 27ஆம் பிரிவின்படி, சரியான விலாசமிட்டு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிய நோட்டீஸ், மாறாக நிரூபிக்கும் வரை, சேர்ந்ததாகவே கருதப்படும். பூர்வீக வீட்டுப் பாகப் பிரிவினைக்காக அண்ணன் தம்பிகள் நோட்டீஸ் அனுப்பிக்கொண்ட குடும்பங்களுக்கு இதன் அருமை தெரியும். வாரிசுகள் ஒருவர் புனேயில், ஒருவர் ஜாம்ஷெட்பூரில், ஒருவர் வெளிநாட்டில். எல்லோரையும் கட்டியது அந்தச் சிவப்பு மை சீட்டுத்தான்.

அந்த ரிஜிஸ்தர் தபால் தனிச் சேவையாக இருந்தது 2025ல் முடிந்தது. அதை ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். காரணம் கூட்டம் குறைந்ததாம். 2011-12ல் 24.44 கோடியாக இருந்த உருப்படிகள் 2019-20ல் 18.46 கோடியாயிற்று என்று கணக்குச் சொன்னார்கள். வருஷத்துக்குப் பதினெட்டு கோடி தடவை ஜனங்கள் கூடுதல் காசு கொடுத்துக் கேட்ட ஒன்றைக் குறைவு என்று சொல்வது எனக்குப் புரியவில்லை. 1986 ஆகஸ்டில் ஆரம்பித்த ஸ்பீட் போஸ்ட் நல்ல சேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அது விலாசத்தைப் பார்த்துக் கொடுப்பது. வீட்டில் யார் இருந்தாலும் வாங்கிக்கொள்ளலாம். ரிஜிஸ்தர் தபால் ஆளைப் பார்த்துக் கொடுப்பது. பங்காளி நோட்டீஸை மேல்மாடி வாடகைக்காரர் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால் என்ன ஆகும் என்று வக்கீலாக இருக்கும் நம் அங்கத்தினர்களைக் கேளுங்கள்.

தனியார் கூரியரிலும் ஆன்லைன் கடைகளிலும் நிலைமை வேறு. அங்கே 6ஆம் பிரிவுச் சுவர் கிடையாது. 2019ஆம் வருஷத்து நுகர்வோர் சட்டத்தின் கீழ் 2020ல் வந்த விதிகளின்படி, ஆன்லைன் வியாபாரம் செய்பவர் குறை தீர்க்கும் அதிகாரியின் பெயரை வெளியிட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் சொல்லலாம். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்பதில் சலித்துப்போய் நாமே போனை வைத்துவிடுவதை அவர்கள் நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். எழுத்தில் புகார் கொடுத்து, தேதியைக் குறித்துவைத்து, மாதம் முடிந்ததும் ஞாபகப்படுத்துகிறவரிடம் அந்தத் தந்திரம் பலிப்பதில்லை. ஓய்வு பெற்ற நமக்கு நேரத்துக்கா பஞ்சம்?

தபாலாபீஸுக்குப் போகும் அன்பர்களுக்கு ஒரு விஷயம். 2025 அக்டோபர் 1 முதல் ஸ்பீட் போஸ்டில் "ரெஜிஸ்ட்ரேஷன்" என்று ஒரு கூடுதல் வசதி வைத்திருக்கிறார்கள். அப்போது நிர்ணயித்த கட்டணம் உருப்படிக்கு 5 ரூபாயும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும். அதைச் சேர்த்தால்தான் விலாசதாரரிடமோ அவர் எழுத்தில் நியமித்தவரிடமோ கொடுப்பார்கள். நாமாகக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் சாதாரண ஸ்பீட் போஸ்ட்டாகவே போய்விடும். ரசீதில் அது அச்சாகியிருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகரும் முன் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.